கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு: படமில்லாத ஓட்டுநர் லைசென்ஸை மறுபடியும் கொடுங்கள்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். நான் லெத்பிரிட்ஜில் குடியிருக்கிறேன். சனிக்கிழமைச் சந்தையில் முட்டையும் கோழியும் ஹட்டரைட் காலனிக்காரர்களிடம்தான் வாங்குவேன்; காலனிகளில் கூட்டாக வாழும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர் அவர்கள். இங்கே வந்த முதல் வருஷம், வெள்ளைப் புள்ளிபோட்ட கறுப்புத் துணியைத் தலையில் கட்டிய ஓர் அம்மா கேரட்டைக் கட்டுக்கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தார். பார்க்க அழகாக இருந்ததால் போனை உயர்த்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கையில் இருந்த கட்டைக் கீழே வைத்துவிட்டு, போன் என் பைக்குள் போகும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அப்புறம் வழக்கம்போல் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

உருவம் எதையும் உண்டாக்கக் கூடாது என்ற பைபிள் கட்டளையை அவர்களில் சிலர் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கிறார்கள். எல்லாக் காலனிகளும் அப்படியில்லை. கோல்டேலுக்குப் பக்கத்தில் உள்ள வில்சன் காலனி அப்படி. இவர்களைப் போன்றவர்களுக்கு 1974 முதல் 2003 வரை இந்த மாகாணமே படமில்லாத லைசென்ஸ் கொடுத்துவந்தது. நிறுத்தியபோது அதை வைத்திருந்தவர்கள் சுமார் 450 பேர்தான். அவர்களில் பாதிக்குச் சற்று மேல் ஹட்டரைட்டுகள்.

வில்சன் காலனி வழக்குப் போட்டது. மாகாண நீதிமன்றங்கள் இரண்டிலும் ஜெயித்து, 2009இல் உச்ச நீதிமன்றத்தில் 4-3 என்ற கணக்கில் தோற்றது. ஆள் வைத்து வண்டி ஓட்டிக்கொள்ளலாமே என்பது பெரும்பான்மை நீதிபதிகள் காட்டிய வழி.

அந்த நீதிபதிகள் தலைநகர் ஒட்டாவாவில் உட்கார்ந்து எழுதினார்கள். உங்களுக்கு இந்த மண் தெரியும். ஓரிரு மைலுக்கு ஒன்றாகச் சரளைச் சாலைகள், கட்டம்போட்ட தாள்போல. மேற்கே மலை ஒரு நீலக் கோடு. வெட்டவெளியில் தானியக் குதிர்கள் வரிசையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் ஒரு காலனிதான்: நடுவில் பொதுச் சமையற்கூடம், அதைச் சுற்றி நீள வீடுகள், வெளியே மாட்டுக் கொட்டகைகள். நூற்றுச் சொச்சம் பேர் ஆனதும் பாதிப் பேர் பிரிந்துபோய்ப் புதுக் காலனி போடுவார்கள். அந்தச் சரளைச் சாலைகளில் பஸ் கிடையாது. ஊர்விட்டு ஊர் போக இருந்த கிரேஹவுண்ட் பஸ்ஸும் 2018 அக்டோபரோடு நின்றுபோனது. சினூக் காற்று பெரிய லாரிகளையே சாய்க்கிற ஊர் இது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு குழந்தைக்கு மூச்சு திணறினால், கூலிக்கு வரும் ஓட்டுநரை எங்கே தேடுவது?

இந்தத் தூரத்தில் உங்கள் சபைக்கும் பங்கு உண்டு. புதுக் காலனி பழையதிலிருந்து 40 மைல் தள்ளியிருக்க வேண்டும், 6,400 ஏக்கரைத் தாண்டக் கூடாது என்று 1947இல் சட்டம் போட்டது இதே சபை. 1973இல் அதை ரத்து செய்ததும் இதே சபைதான். தவறைத் திருத்திக்கொள்வது இங்கே புதிதல்ல.

அடையாளத் திருட்டைத் தடுக்கத்தான் படம் என்கிறீர்கள். சரி, அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் 1528 முதல் உடைமைகளைப் பொதுவில் வைத்து வாழும் வழியில் வந்தவர்கள் இவர்கள். திருடுவதற்கு இவர்களிடம் தனிச்சொத்தே இல்லை. படமில்லாத லைசென்ஸில் ‘அடையாளச் சான்றாகச் செல்லாது’ என்று அச்சடித்துக் கொடுங்கள் என்ற யோசனையை வழக்கின்போது அவர்களே முன்வைத்தார்கள்.

அந்த ஒரு வரியைச் சேர்த்து, அடுத்த கூட்டத்தொடரிலேயே விதியைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லெத்பிரிட்ஜ்வாசி ஒருவர்