ஆண்டறிக்கை: தொலைவும் ஏற்றமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடும்பத்துடன் வந்திருக்கும் சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஞாயிறு காலை மிதிவண்டிச் சவாரிகள் வழக்கம்போல் நடந்தன. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையையும் வாங்கிக்கொள்ளும் மாவட்டம் நம் கன்னியாகுமரி. மழைக்காக விட்டுக்கொடுத்த ஞாயிறுகள் இந்த ஆண்டும் குறைவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்கள் அதிகம் என்பதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன். மற்றவை கூட்டக் குறிப்பேட்டில் இருக்கின்றன, விரும்புவோர் பார்க்கலாம்.

பொங்கல் கழிந்து நாம் மேற்கொண்ட மாவட்டச் சுற்றுப்பயணத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அதிலும் நாகர்கோவிலிலிருந்து பேச்சிப்பாறை வரை சென்ற அந்த ஒரு நாளைப் பற்றி. கன்னியாகுமரியில் தொடங்கி ஆரல்வாய்மொழி, பூதப்பாண்டி வழியாக நாகர்கோவில் வந்து சேர்ந்த முதல் நாளில் யாருக்கும் பெரிய சிரமம் இல்லை. நாஞ்சில் நாட்டின் வயல்வெளிச் சாலைகள் சமதரை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் ஆனி, ஆடியில் அடிப்பதுபோல் தை மாதத்தில் ஆளைத் தள்ளாது. அன்று மாலை மறுநாள் பாதையை வாசித்தபோது, "எழுபது கிலோமீட்டர்கூட இல்லையே, மத்தியானத்துக்குள் முடிந்துவிடும்" என்று சிலர் சொன்னார்கள். பெயர்கள் வேண்டாம். அவர்களில் இருவர் இப்போது முன்வரிசையில் இருக்கிறார்கள்.

மாவட்டத்தின் மேற்கிலுள்ள கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் நில அமைப்பை நாகர்கோவில்காரர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தே பழகியிருக்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிளைகள் கடலை நோக்கி இறங்கும்போது சிறு சிறு குன்றுகளாகப் பிரிகின்றன. ஒவ்வொரு இரு குன்றுகளுக்கும் இடையில் ஓர் ஓடையோ கால்வாயோ ஓடுகிறது. சாலை பாலத்துக்காக இறங்குகிறது, பாலம் கடந்ததும் குத்தாக ஏறுகிறது, திரும்பவும் இறங்குகிறது. கொடைக்கானல் சாலை போல ஒரே சீரான ஏற்றம் என்றால் மூச்சை ஒரு கதிக்குக் கொண்டுவந்துவிடலாம். இங்கே அதற்குள் ஏற்றம் முடிந்துவிடும், ஆனால் அடுத்தது காத்திருக்கும். இறக்கத்தில் சேர்த்த வேகம் எதிர் ஏற்றத்தின் பாதியில் தீர்ந்துவிடுகிறது. அந்த இடத்தில் கியரைக் குறைக்க முயன்றால் முழுப் பாரமும் செயினில் இருப்பதால் அது கறகறத்து இறங்கிக்கொள்ளும். பாலத்தில் இருக்கும்போதே கியரை மாற்றிக்கொள்ள வேண்டும். திருவட்டாறு போய்ச் சேர்வதற்குள் எல்லோரும் இதைக் கற்றுக்கொண்டார்கள், சிலர் கையில் கிரீஸுடன்.

தக்கலை வழியாக அழகியமண்டபம் வரை தேசிய நெடுஞ்சாலை. அதில் விடியுமுன் சென்றதே நல்லதாயிற்று. அழகியமண்டபம் தாண்டியபின் கனிமம் ஏற்றிய கனரக லாரிகள் எதிரே வரத் தொடங்கின. ஒற்றை வரிசை என்ற விதியை அன்று யாருக்கும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. திருவட்டாற்றில் புட்டும் பயறும் அப்பளமும். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் நானூறு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப்பின் 2022 ஜூலையில் குடமுழுக்கு நடந்ததை நம் ஆசிரிய உறுப்பினர் புதியவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நடை அடைக்குமுன் உள்ளே போய் வந்தவர்கள் போய் வந்தார்கள்.

மாத்தூர்த் தொட்டிப்பாலத்தில் வண்டிகளைக் கீழே நிறுத்திவிட்டு நடந்தோம். காமராசர் முனைப்பில் உருவாகி 1966-இல் பயன்பாட்டுக்கு வந்த பாலம். தூண்கள் 28, உயரம் 115 அடி. நம் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்பது என் கருத்து. இரண்டு குன்றுகளுக்கு நடுவே பறளியாறு கிடக்கிறது. இறங்கி ஏற முடியாத கால்வாய்த் தண்ணீருக்கு மட்டும் பாலம் போட்டு நேர்வழி கொடுத்திருக்கிறார்கள். மிதிவண்டிக்காரனுக்கு அந்தச் சலுகை இல்லை என்று துணைத்தலைவர் அங்கே நின்று புலம்பினார்.

திற்பரப்பில் ஒரு மணி நேரம் என்று சொன்னது இரண்டு மணி நேரம் ஆனது. அருவியிலிருந்து ஆட்களை வெளியே கொண்டுவருவது செயலாளரின் வேலை என்று சங்க விதிகளில் எங்கும் எழுதியிருக்கவில்லை. குளிர்ந்த தண்ணீரில் நின்ற கால்கள் அதன்பின் திருநந்திக்கரை ஏற்றத்தில் ஒத்துழைக்க மறுத்தன. கியர் இல்லாத பழைய வண்டிக்காரர்கள் இறங்கித் தள்ளினார்கள். கியர் வண்டிக்காரர்கள் மிதித்தே ஏறினார்கள். குலசேகரத்தில் இரு சாராரும் ஒரே நேரத்தில்தான் இருந்தோம். தள்ளி வந்தவர்களில் ஒருவர் ஆண்டுதோறும் சிவாலய ஓட்டம் போகிறவர். முஞ்சிறைத் திருமலையிலிருந்து திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில்களையும் வெறுங்காலில், கையில் விசிறியுடன், "கோபாலா கோவிந்தா" என்று ஓடி முடிப்பவர். கல்குளம், திற்பரப்பு, திருநந்திக்கரை ஆகிய மூன்றும் அன்று நம் வழியிலும் இருந்தன. ஏற்றத்தில் இறங்கி நடப்பதில் அவருக்கு எந்தக் கௌரவக் குறைவும் தோன்றவில்லை. மற்றவர்களுக்கும் தோன்றக் கூடாது என்று செயற்குழு கருதுகிறது.

ரப்பர்த் தோட்டம் என்றால் நிழல் என்று நம்பி வந்தவர்களுக்கு ஒரு தகவல். தை மாதத்தில் ரப்பர் மரம் இலை சிவந்து உதிரும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை வரை வெயில் தடையில்லாமல் இறங்கியது. உதிர்ந்த இலை வளைவுகளில் கனமாகக் கிடந்தது, பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். அங்கே ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்த பாட்டி எங்களைப் பார்த்து, "மக்களே, பஸ் ஓடவில்லையா?" என்று கேட்டார். விளக்கம் கேட்டபின்னும் அவர் இரக்கம் குறையவில்லை, ஒரு சீப்பு மட்டிப்பழம் கொடுத்தனுப்பினார். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. தோல் மெல்லியது என்பதால் பையில் வைத்தவர்களுக்குக் கூழாகவும் உடனே தின்றவர்களுக்குப் பழமாகவும் பயன்பட்டது.

பேச்சிப்பாறை அணையை மாலை வெயிலில் சென்றடைந்தோம். திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் ராமவர்மா காலத்தில், 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. கட்டிய பொறியாளர் மிஞ்சின், ஊரார் வாயில் மூக்கன் துரை, அணைக்கு அருகிலேயே அடக்கமாகியிருக்கிறார். குலசேகரம் திரும்பும் வழியில், நீண்ட இறக்கம் ஒன்றில் பிரேக்கை விடாமல் அழுத்தி வந்த ஓர் உறுப்பினரின் ரிம் தொட முடியாத அளவு சுட்டு, பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது. இறங்கும்போது முன், பின் பிரேக்குகளை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். அவர் பத்திரமாக நின்றார், மாற்றுக் கட்டை நம் கருவிப் பையில் இருந்தது. இல்லாதிருந்தால் அந்த நேரத்தில் கடை தேடி அலைந்திருப்போம்.

எனவே செயற்குழு இப்பொதுக்குழுவின் முன் வைக்கும் தீர்மானம்: இனி எந்தப் பாதையையும் கிலோமீட்டரால் மட்டும் அறிவிக்கக் கூடாது, அன்றைய மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்பதையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும். மேற்குப் பாதைக்குப் பதிவு செய்பவர்கள் பிரேக் கட்டைகளை முந்தைய வாரமே காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அருவிக் குளியல் நாளின் கடைசியில் மட்டும். இந்தக் கடைசிப் பிரிவுக்குச் செயற்குழுவிலேயே எதிர்ப்பு இருந்தது, வாக்கெடுப்பில் இரண்டு வாக்கு வித்தியாசத்தில்தான் நிறைவேறியது.

இரவு தங்க இடம் கொடுத்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சமைத்துப் போட்ட குலசேகரத்து உறுப்பினர் குடும்பத்துக்குச் சங்கத்தின் நன்றி. சங்கத்தின் பெரிய காற்றுப் பம்பு அந்த இரவுக்குப்பின் காணப்படவில்லை. எடுத்துச் சென்றவர் கூட்டம் முடிவதற்குள் பொருளாளரிடம் சொல்லிவிட்டால், புதியது வாங்கும் செலவைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்