பாடாலூர் சாலையில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

ஆக்டிங் டிரைவராக வந்த தம்பிக்கும், நாமக்கல் லாரி அண்ணனுக்கும், அவருடைய கிளீனர் பையனுக்கும், டீக்கடை அக்காவுக்கும், ரோந்து வண்டியில் வந்த இருவருக்கும், பஞ்சர் கடை பாய்க்கும்,

வணக்கம்.

கடந்த மே மாதம், கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த மத்தியானம், பெரம்பலூரைத் தாண்டிப் பாடாலூர் போகும் வழியில் எங்கள் வண்டியின் பின்பக்க வலது டயர் வெடித்தது. பேரனுக்கு முடியிறக்கச் சமயபுரம் போய்க்கொண்டிருந்தோம். ஊர் திரும்பியதிலிருந்து விசாரிக்கிறவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல ஒன்றையேதான் சொல்கிறார்கள்: "ஆத்தா காப்பாத்திட்டா." அதில் எனக்கு மறுப்பில்லை. மொட்டையும் போட்டு, மாவிளக்கும் போட்டுவிட்டுத்தான் வந்தோம். ஆத்தாவுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. உங்களுக்குச் சேர வேண்டியதுதான் பாக்கி. நாங்கள் முழுசாக வீடு வந்து சேர்ந்ததற்குக் காரணம் உங்கள் நல்ல மனசு மட்டுமில்லை. உங்கள் ஒவ்வொருவருக்கும் தொழில் தெரிந்திருந்தது. அதை ஊரறியச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் டிரைவர் தம்பி.

எங்களுடையது ஏழு பேர் உட்காரும் உயரமான வண்டி. ஆள் ஏறாமலே இரண்டு டன் வரும். அன்றைக்கு உள்ளே ஆட்கள், மேலே கேரியரில் பெட்டிகள். சின்னக் காராக இருந்தால் சுழன்று நின்றாலும் நிற்கும். இவ்வளவு உயரமான வண்டி பக்கவாட்டில் திரும்பினால் உருண்டுவிடும் என்பது தம்பிக்குத் தெரியும். எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது. படாரென்று சத்தம் வந்ததும் வண்டியின் பின்பாகம் அப்படியும் இப்படியும் அலைய, கிழிந்த ரப்பர் மட்கார்டில் படபடவென்று அடிக்க, உள்ளே இருந்த அத்தனை பேரும் "பிரேக் போடு, பிரேக் போடு" என்று கத்துகிறோம். தம்பி பிரேக் பக்கமே காலைக் கொண்டுபோகவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராக இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்தார். இடது இண்டிகேட்டரைப் போட்டார். வேகம் தானாகவே குறைந்த பிறகுதான் இடப்பக்கம் ஒதுங்கினார். எதிரே ஒரு சின்னப் பாலம். அதன் கைப்பிடிச் சுவரை ஒட்டி நிறுத்தாமல், வெறும் ரிம்மில் கடகடவென்று அதைத் தாண்டிப் போய், ஓரம் அகலமாக இருந்த இடத்தில்தான் நிறுத்தினார். ரிம் போனால் போகட்டும் என்று அந்த நொடியில் முடிவெடுக்க எத்தனை பேருக்குத் தோன்றும்?

பிறகு கேட்டதற்கு, "வெடிச்ச உடனே பிரேக்க மிதிச்சா வெயிட்டெல்லாம் முன்னாடி வந்துரும் சார். பின்னாடி ஏற்கெனவே பிடி இல்ல. சுத்திரும்" என்றார். அவ்வளவுதான் விளக்கம். சொல்லிவிட்டு, இடப்பக்கக் கதவு வழியாக மட்டும் எல்லோரையும் இறங்கச் சொன்னார்.

லாரி அண்ணா, நாங்கள் கை காட்டவே இல்லை. நீங்களாகவே எங்களுக்கு முன்னால் ஓரம் கட்டினீர்கள். உங்கள் கிளீனர் பையன் குதித்து இறங்கி முதலில் செய்தது டயரைப் பார்ப்பதல்ல; வேலிக்கருவை முள்ளில் கை கிழிய நாலைந்து கிளைகளை ஒடித்து, நாங்கள் வந்த திசையில் வெகுதூரம் ஓடிப்போய்ச் சாலையோரத்தில் போட்டுக் கல் வைத்ததுதான். அம்மாவும் என் மனைவியும் வண்டியின் நிழலில் ஒண்டியிருந்தார்கள். "இங்க நிக்காதீங்க, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போங்க" என்று விரட்டாத குறையாக அனுப்பி வைத்தான். வெயிலுக்கு ஒதுங்கி நின்ற வண்டியின் பின்னாலேயே இன்னொரு வண்டி வந்து மோதிய செய்திகளை நாம் பேப்பரில் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். அவன் ரோட்டிலேயே இருக்கிறவன், மறக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எங்கள் வண்டியில் ஸ்டெப்னி பின்பக்கம் அடியில் சங்கிலியில் தொங்கும். பம்பருக்கு மேலே உள்ள துளையில் கம்பியை விட்டுச் சுற்றினால் இறங்க வேண்டும். சேறும் துருவும் ஏறி, அசைய மறுத்தது. லாரி அண்ணன் கொதிக்கிற தரையில் ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்து, டீசல் நனைத்த துணியால் துடைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கினார். இறங்கிய ஸ்டெப்னியை ஓர் இரும்புக் கம்பியால் தட்டிப் பார்த்தார். 'டங்' என்று வர வேண்டிய சத்தம் 'தொம்' என்று வந்தது. "காத்து பத்தல" என்றார். அடுத்த பெட்ரோல் பங்க்குக்கு உருட்டிப்போக வேண்டுமோ என்று நாங்கள் முழிக்க, அவர் லாரியிலிருந்து நீளமான ஒரு ஹோஸை இழுத்து வந்தார். லாரி பிரேக்குக்கான காற்று டேங்கிலேயே சேர்ந்திருக்கும். அதிலிருந்து எங்கள் ஸ்டெப்னிக்குக் காற்று பிடித்தார்! மறுபடி தட்டினார். இப்போது சரியான சத்தம்.

ஜாக்கி வைத்தால் ஓரத்து மண்ணில் புதைந்தது. லாரியிலிருந்து ஒரு பலகை வந்தது. மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அண்டக் கொடுத்தார்கள். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தினார்கள். தூக்கிய பிறகு முறுக்கினால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும் என்று தம்பி சொன்னார். மாட்டும்போது ஆறு நட்டுகளையும் வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்கினார்கள். தம்பியும் லாரி அண்ணனும் அதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. அதிகம் பேசிக்கொள்ளவும் இல்லை.

கடைசியாக, கிளம்பும் நேரத்தில் அந்தப் பையன் திரும்ப ஓடிப்போய், வைத்த கற்களையும் கிளைகளையும் பொறுக்கிப் பள்ளத்தில் எறிந்துவிட்டு வந்தான். ராத்திரியில் ஹெல்மெட் கூடப் போடாமல் வரும் பைக்காரன் ஒருவனை இப்படி விட்டுப்போன கல் என்ன செய்யும் என்பதை யோசித்துப் பாருங்கள். எத்தனை பேர் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள்! பெயரைக் கேட்டதற்குச் சிரித்துவிட்டு லாரியில் ஏறிக்கொண்டான்.

நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033க்கு மருமகன் போன் செய்திருந்தார். நெடுஞ்சாலை ரோந்து வண்டி வந்து, ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து, சுழல் விளக்கைப் போட்டுக்கொண்டு, நாங்கள் கிளம்பும்வரை பின்னாலேயே நின்றது. அந்த இருவருக்கும் நன்றி.

டீக்கடை அக்கா, கை நடுங்கிக்கொண்டிருந்த எங்கள் அம்மாவை உங்கள் நாற்காலியில் உட்கார வைத்து, பேரனை மடியில் வாங்கிக்கொண்டு, கம்பங்கூழும் மோர்மிளகாயும் கொடுத்தீர்கள். காசு கொடுத்தபோது கூழுக்கு மட்டும் கணக்குப் பார்த்து எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கையில் வைத்தீர்கள். அம்மா இன்னும் அந்தக் கூழைப் பற்றித்தான் பேசுகிறார்; டயரைப் பற்றிப் பேசுவதில்லை.

பஞ்சர் கடை பாயிடம்தான் காரணம் தெரிந்தது. "பட்டன் நல்லாத்தானே இருக்கு" என்று, தரையில் படும் ரப்பர் கட்டைகளைக் காட்டி மருமகன் சொன்னதற்கு, பாய் கிழிந்த டயரின் பக்கச்சுவரைத் துடைத்து, நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 3116. 2016ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் செய்த டயர். இரண்டாம் கையாக வண்டியை விற்றவர் "டயரெல்லாம் புதுசு மாதிரி" என்றார். ஓடாமல் நின்ற வண்டி, அதனால் பட்டன் தேயவில்லை, ரப்பருக்கு மட்டும் வயசாகிவிட்டது. மற்ற டயர்களின் பள்ளங்களில் தலைமுடி அளவுக்கு ஓடிய வெடிப்புகளை நகத்தால் விரித்துக் காட்டினார். காற்று கொஞ்சம் குறைந்தாலே பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிரும், அதில் சூடேறும், மேலே வெயில், உள்ளே பாரம், பழைய ரப்பர் எப்படித் தாங்கும் என்று கேட்டார். டயரில் 112 என்று போட்டிருந்தால் 1,120 கிலோ தாங்கும், ஆனால் அது காற்று சரியாக இருந்தால் மட்டும்தான் என்றும் சொன்னார். காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டுமாம். ஓடிச் சூடான பிறகு அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி இறக்கிவிடக் கூடாது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது, பாய் சொன்னதற்கு ஒரு பெரிய சாட்சி கிடைத்தது. அமெரிக்காவில் 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற இதே மாதிரி உயர வண்டிகளில் ஓடியவை. ஓடும்போதே பட்டன் பகுதி உரிந்து வண்டிகள் உருண்டன. அதிலும் வெயில் அதிகமான தென் மாநிலங்களில்தான் நிறைய. அதே ஆண்டு அங்கே போட்ட சட்டத்தின் வழியாகத்தான் காற்று குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு கட்டாயமானது. பெரம்பலூர் ரோட்டில் பாய் ஐந்து நிமிடத்தில் சொன்னதும் இதே கதைதான்.

அவரிடம் எங்கள் அளவில் ஒரு பழைய டயர் இருந்தது. விற்றிருக்கலாம். "இத உங்களுக்குப் போட மாட்டேன். திருச்சியில நாலும் புதுசா மாத்துங்க. அதுவரைக்கும் 60ஐத் தாண்டாதீங்க, மேல இருக்கிற பெட்டிய உள்ள எறக்குங்க" என்றார். காற்றுக்கு மட்டும் காசு வாங்கினார். சொன்னபடியே செய்தோம்.

டிரைவர் தம்பி பேசிய சம்பளத்துக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. தாம்பரம் பக்கம் ஆக்டிங் டிரைவர் தேடுகிறவர்கள் என்னிடம் கேட்டால், அவரிடம் அனுமதி வாங்கி நம்பர் தருகிறேன். அவர் சொல்லும் தொகையில் பேரம் பேசாதீர்கள்.

நன்றியுடன்,
பேரனுக்கு மொட்டை போட்டு வந்த தாத்தாவும் குடும்பத்தாரும்,
தாம்பரம்