மூணு கட்டுரை நோட்டுக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு 2024 மார்ச் 26, பத்தாம் வகுப்பு தமிழ் பரீட்சை மத்தியானத்தோட முடிஞ்சுது. சென்டர் வாசல்ல நின்னேன், பிள்ளைங்க ஒவ்வொண்ணா வெளிய வந்து "டீச்சர் கட்டுரை முழுசா எழுதிட்டேன், முடிவுரை வரைக்கும் வந்துட்டேன்"னு சொல்லிட்டு போச்சுங்க. 34 பேர், ஒருத்தர் கூட ஆப்சென்ட் இல்ல. வீட்டுக்கு வந்து சோறு கூட போடாம இத டைப் பண்ணிட்டிருக்கேன், நாளைக்குன்னு தள்ளிப்போட்டா இந்த மனசோட எழுத முடியாது.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துல என்ன நடந்துச்சுன்னு தாமிரபரணிக் கரை ஆளுகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. பள்ளிக்கூடம் திறந்தப்போ என் பீரோவுக்குள்ள இருந்தது ஒரே சேறு. பதினாலு வருஷமா சேத்த சார்ட்டு, பாநயம் பாராட்டுறதுக்கு எதுகை மோனை இயைபுக்கு கலர் கலரா வெட்டி வச்சிருந்த அட்டைங்க, பழைய பிள்ளைங்க எழுதின நல்ல கட்டுரைங்க, அப்புறம் சங்க இலக்கியத்துல வர்ற அஞ்சு வகை நிலத்தையும் காட்டுற என் ஐந்திணைப் பெட்டி. அந்தப் பெட்டிய என்கிட்ட படிச்சவங்க மறந்திருக்க மாட்டாங்க. தேரிக்காட்டு செம்மண்ணு ஒரு பாட்டில்ல, தூத்துக்குடி உப்பளத்து உப்பு, புன்னக்காயல் சிப்பி, நம்ம வயக்காட்டு நெல்லுக் கதிரு. குறிஞ்சில இருந்து நெய்தல் வரைக்கும் ஒரே ஆத்தோட போக்குல காட்டிறலாம்னு ஒவ்வொரு வருஷமும் பெருமையா தூக்கிட்டு போவேன். பெட்டி கிடைச்சுது, உள்ள ஒண்ணும் இல்ல.

பாடப்புத்தகம் திரும்ப கிடைச்சிருச்சு, கையேடுங்களும் வந்துச்சு. அதுல கஷ்டம் இல்ல. கஷ்டம் கட்டுரைல தான். ஜனவரில "எங்கள் ஊர் ஆறு"ன்னு ஒரு தலைப்பு குடுத்தேன், ஏன் குடுத்தேன்னு இப்பவும் மனசு உறுத்துது, நிறைய பிள்ளைங்க எழுதவே இல்ல. பேனாவ மூடி வச்சிட்டு உக்காந்திருந்தாங்க. எழுதினவங்களும் "நதிகள் நாட்டின் நரம்புகள்"னு கைடுல உள்ள வரிய அப்படியே எறக்கி வச்சிருந்தாங்க. வீட்டுக்குள்ள கழுத்தளவு தண்ணியில நின்ன பிள்ள "நதிகள் நாட்டின் நரம்புகள்"னு எழுதுது, அதுக்கு நான் எப்படி டிக் போடுவேன் சொல்லுங்க.

அந்த வாரத்துல தான் ஒரு அக்கா வந்தாங்க. பேரு போட வேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்க, அதனால அக்கான்னே எழுதுறேன். வாழைத்தோட்டத்துல கூலி வேலை. அவங்க பொண்ணு 2016-17 பேட்ச், இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கா. ஒரு மஞ்சப்பைய நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிட்டு வராண்டால நின்னாங்க, உள்ள வாங்கன்னா வரல, காலெல்லாம் சேறுன்னாங்க. "பிள்ள போன்ல சொன்னா டீச்சர், கட்டுரை நோட்ட டீச்சர்ட்ட குடுத்துருன்னு. பரண்ல கெடந்துச்சு, அதான் நனையல. ஒங்களுக்கு ஆவுமோ என்னமோ தெரியல."

பைக்குள்ள மூணு கட்டுரை நோட்டு, பிரவுன் அட்டை போட்டு, லேபிள் கூட கிழியாம இருந்துச்சு. எனக்கு வாயில வார்த்தை வரல. ஏன்க்கா இத்தனை வருஷம் எடைக்குப் போடாம வச்சிருந்தீங்கன்னு கேட்டேன். "எனக்கு எழுத்து தெரியாது டீச்சர். ஆனா செவப்பு மையில எழுதினது ஒங்க கையின்னு தெரியும். தெனம் ராத்திரி அவ அத மட்டும் எனக்கு வாசிச்சுக் காட்டுவா, டீச்சர் இன்னைக்கு என்ன கேட்டிருக்காவன்னு. எப்படிப் போட மனசு வரும்?"

அவங்க வீட்டுச் சுவரு ஒரு பக்கம் விழுந்துருச்சு, ரெண்டு ஆடு போயிருச்சு. இது எனக்கு வேற ஆளுங்க சொல்லித்தான் தெரியும், அவங்க சொல்லல. டீ குடிச்சிட்டுப் போங்கன்னதுக்கும் "தோட்டத்துல மண்ணு அள்ளணும்"னு கிளம்பிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி மூணு நோட்டையும் வாசிச்சேன். அப்பல்லாம் தமிழ் ரெண்டு தாளு, பொதுக்கட்டுரை இரண்டாம் தாள்ல வரும், அதனால ஒரே தலைப்ப ரெண்டு மூணு தடவ திருப்பி எழுத வைக்க நேரம் இருந்துச்சு. 2019க்கு அப்புறம் ஒரே தாளு, 100 மார்க், அதுல பொதுக்கட்டுரைக்கு 8 மார்க், நானும் குறிப்புச் சட்டகத்த போட்டு, முன்னுரை பொருளுரை முடிவுரைன்னு ஒரே தடவைல முடிச்சு வாங்குற பழக்கத்துக்கு வந்துட்டேன். நோட்ட பாத்த பிறகு தான் நான் விட்டது எதுன்னு புரிஞ்சுது. அதுலயும் ஆத்தப் பத்தி ஒரு கட்டுரை இருக்கு. அந்தப் பொண்ணோட முதல் கட்டுரையும் நரம்புல தான் ஆரம்பிக்குது! பக்கத்துல செவப்பு மையில நான் எழுதியிருக்கேன்: "இது யாரோட வரி? நீ ஆத்துல என்ன பாத்த?" அடுத்த பக்கம் ரெண்டாவது கட்டுரை. "முட்டளவு தண்ணி இருந்தா எங்க அம்மா ஆத்துக்குள்ள எறங்கி தோட்டத்துக்குப் போவாங்க. இடுப்பளவு வந்துட்டா பாலத்த சுத்திப் போவாங்க, அன்னைக்கு எங்களுக்கு காலைச் சாப்பாடு லேட்டாகும்." அதுக்குக் கீழ நான் போட்டது ஒரே ஒரு வார்த்தை, "இதுதான்".

மறுநாள் முதல் கட்டுரைய மட்டும் 34 ஜெராக்ஸ் எடுத்து, ஆளுக்கு ஒரு செவப்புப் பேனா குடுத்து, இன்னைக்கு நீங்க தான் டீச்சர், திருத்துங்கன்னு விட்டேன். சொன்னா நம்ப மாட்டீங்க, அரை மணி நேரம் சத்தமே இல்ல. சந்திப்பிழை, ஒருமை பன்மைன்னு வட்டம் போட்டாங்க, அப்புறம் ஒரு பையன் எழுந்து "டீச்சர் இதுல தப்பு ஒண்ணும் பெருசா இல்ல, ஆனா இதுல ஆறே இல்ல"ன்னான். நான் பத்து தடவ சொல்லியிருந்தாலும் இப்படி சொல்லியிருக்க மாட்டேன். அதுக்கப்புறம் தான் ரெண்டாவது கட்டுரைய வாசிச்சேன். இடுப்பளவு தண்ணின்னு வந்த எடத்துல எனக்கும் குரல் நின்னு போச்சு, அவங்களும் தலையக் குனிஞ்சுட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு பேனா மூடி திறக்குற சத்தம் கேட்டுச்சு.

அன்னைக்கு அவங்க எழுதினத நான் இங்க போட மாட்டேன், அது அவங்களோடது. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டு வாங்கிட்டேன். ஒரு பிள்ள எழுதியிருந்தா: "எங்க வயல்ல இப்ப ஆத்து மணல் ரெண்டடி கெடக்கு. இது இன்னும் மருதமா டீச்சர்?" மருதம்னா வயலும் வயல் சார்ந்த நிலமும். முல்லையும் குறிஞ்சியும் காஞ்சு திரிஞ்சா பாலைன்னு சிலப்பதிகாரத்த வச்சு எத்தனையோ தடவ நடத்தியிருக்கேன், வெள்ளத்துல மருதம் திரிஞ்சா என்னன்னு யாரும் என்ன கேட்டதில்ல. அந்த ஒரு பீரியட் முழுக்க அதையே பேசினோம். அடுத்த திங்கட்கிழமை ஒருத்தன் தேரி மண்ணு கொண்டாந்தான், ஒருத்தி உப்பு, மருதமான்னு கேட்டவ மட்டும் ஒரு கை ஆத்து மணல பேப்பர்ல மடிச்சுக் கொண்டாந்தா. ஐந்திணைப் பெட்டி இப்ப மறுபடியும் இருக்கு, ஒரு பாட்டில் கூடுதலா.

இன்னும் எத்தனையோ பேருக்கு நன்றி சொல்லணும், மதுரைல இருந்து ஏ4 பண்டல் அனுப்பின தமிழம்மாக்களுக்கு, கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்து கட்டுக்கட்டா அட்டை குடுத்துவிட்டவருக்கு, அத லாரில ஏத்தி காசு வாங்காம எறக்கிட்டுப் போன டிரைவர் அண்ணனுக்கு, பாளையங்கோட்டைல இருந்து வந்து ரெண்டு நாள் கிளாஸ் ரூம கழுவி விட்ட காலேஜ் பிள்ளைங்களுக்கு, பாதி ரேட்டுக்கு ஜெராக்ஸ் போட்ட கடைத் தம்பிக்கு, மெல்லக் கற்கும் பிள்ளைங்களுக்காக துணைப்பாடக் கதைங்கள சாயங்காலம் உக்காந்து வாசிச்சு ஆடியோவா அனுப்பின பழைய மாணவிங்களுக்கு. யார் பேராவது விட்டுப்போயிருந்தா கோவிச்சுக்காதீங்க, உங்க ஒவ்வொருத்தர் சாமானும் எந்த பெஞ்சுல யார் கையில இருக்குன்னு எனக்குத் தெரியும்.

ஜூன்ல இருந்து என் வகுப்புல ஒவ்வொரு பிள்ளையோட முதல் கட்டுரையும் பத்திரமா இருக்கும். நல்லா எழுதினத மட்டும் சேத்து வைக்கிற பழக்கத்த விட்டுட்டேன். அடிச்சது, திருத்தினது, திரும்ப எழுதினது எல்லாம் வரிசையா இருக்கும், ஒரு காப்பி பள்ளிக்கூடத்துல, ஒரு காப்பி மாடில.

அக்கா, உங்க பொண்ணு சித்திரைல கோயில் கொடைக்கு ஊருக்கு வருவான்னு சொன்னீங்கள்ல, நோட்டு மூணும் அவ கையிலயே குடுத்துடுறேன். மூணாவது நோட்டுல கடைசி கட்டுரை, பனைமரத்தப் பத்தி நாலு பக்கம் எழுதியிருக்கா, தாத்தா கருப்பட்டி காய்ச்சுறது எல்லாம் வருது. அதுல செவப்பு மையே இல்ல. பரீட்சை அவசரத்துல நான் திருத்தாமலே திருப்பிக் குடுத்திருக்கேன், ஏழு வருஷமா அப்படியே இருந்திருக்கு. இப்ப என் முன்னால தான் திறந்து வச்சிருக்கேன். முதல் பக்கத்துலயே மூணு எடத்துல மரத்துக்கு வல்லின ற போட்டிருக்கா. திருத்தி, மார்க் போட்டு வைக்கிறேன், வந்தா உங்களுக்கு வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க.