மதினிக்கு: ‘நாகம்மா’ளையும் ‘வெக்கை’யையும் சேர்த்துப் படியுங்கள்

அன்புள்ள மதினிக்கு,

‘வெக்கை’ நாவலை வைத்து எடுத்த ‘அசுரன்’ படம்தான் பார்த்தாயிற்றே, இனி நாவலில் படிக்க என்ன இருக்கிறது என்று போனில் கேட்டீர்கள். அரைகுறையாகச் சொல்லி வைக்க மனசில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

படம் அப்பாவின் கதை. தனுஷ் நடித்த சிவசாமியைச் சுற்றியே எல்லாம் நடக்கும். பூமணி 1982இல் எழுதிய நாவல் மகனின் கதை. சிதம்பரத்துக்குப் பதினைந்து வயசு. அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்றுதான் அரிவாளோடு போகிறான். ஆனால் வடக்கூரான் ஆளே செத்துப்போகிறான். நாவல் அங்கேதான் தொடங்குகிறது. அதற்கப்புறம் அய்யாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிற நாட்கள்.

அந்த நாட்களை பூமணி எழுதியிருக்கும் விதம்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. துரத்தல், பதற்றம் என்று ஓட்டாமல், சோறு பொங்குவதை எழுதுகிறார். தண்ணீர் கிடைக்குமிடம், வெயில் தாழ ஒதுங்கும் இடம், பையன் பசிக்கிறது என்று சொல்லும் நேரம், இவைதான் பக்கம் பக்கமாக வருகின்றன. கொலை செய்த கை அடுப்புக்குச் சுள்ளி பொறுக்குகிறது. அய்யா மகனைத் திட்டுவதுமில்லை, மெச்சுவதுமில்லை. சாப்பிட வைக்கிறார், தூங்க வைக்கிறார். பேச்சினூடே செத்துப்போன அண்ணன் வந்து வந்து போகிறான். யார் என்ன சாதி என்று பூமணி எழுதவில்லை. ஆனால் யாருக்கு நிலம் இருக்கிறது, யாருடைய நிலத்தின்மேல் யார் கண் வைத்திருக்கிறார்கள் என்பதிலேயே எல்லாம் விளங்கிவிடுகிறது. ஆத்தா, மாமா, சித்தி என்று உறவு சொல்லியே மனிதர்கள் வருவதால், நாலு பக்கம் தாண்டுவதற்குள் அவர்கள் நம் வீட்டு ஆட்களாகிவிடுகிறார்கள்.

இதை முடித்த கையோடு ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ எடுத்தேன். 1942இல் வந்தது, அப்போது அவருக்கு இருபத்தைந்து வயசுதான் இருக்கும். கொங்கு நாட்டுக் கிராமம். நாகம்மாள் புருஷனை இழந்தவள், ஒரு பெண் குழந்தை. கொழுந்தன் சின்னப்பன், அவன் மனைவி ராமாயியோடு ஒரே குடும்பமாக இருக்கிறாள். கெட்டியப்பன் என்ற ஊர்க்காரனோடு அவளுக்குப் பழக்கம். தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கொடு என்று சின்னப்பனிடம் கேட்கிறாள். அவ்வளவுதான் கதை. பாகம் என்ற பேச்சு எழுந்ததும் ஒரு வீட்டில் குரல்கள் எப்படி மாறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை இத்தனை துல்லியமாக எழுதிய வேறு நாவலை நான் படித்ததில்லை. நேற்றுவரை ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள் சொல்லும் சாதாரணச் சொல்லுக்கும் இரண்டாவது அர்த்தம் வந்துவிடுகிறது. ஊர்ப் பெரிய மனிதர்கள் தங்கள் கணக்கைத் தீர்க்க அவளைத் தூண்டிவிடுகிறார்கள். கடைசியில் சின்னப்பனின் உயிர் போகிறது. அத்தோடு நாவலை நிறுத்திவிடுகிறார் சண்முகசுந்தரம்.

ஒன்று சொல்ல வேண்டும். கணவன் சொத்தில் இந்து விதவைக்குப் பங்கு தரும் சட்டம் 1937இல் வந்தது. அது விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறு வருஷம் இந்த நாவல். நாகம்மாளைப் பேராசைக்காரி என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வருகிறது. கேட்டு வாங்க அவளுக்கு வேறு எந்த வாசல் திறந்திருந்தது?

நாற்பது வருஷ இடைவெளியில் வந்த இரண்டும் நிலத்துக்காக விழுந்த கொலையைத்தான் சொல்கின்றன. ஒன்று கொலைவரை வந்து நிற்கிறது. மற்றது கொலையிலிருந்து கிளம்புகிறது. அடுத்தடுத்துப் படித்ததால்தான் எனக்கு இது பிடிபட்டது. ‘நாகம்மாள்’ சொல்லாமல் விட்ட மறுநாள் காலை ‘வெக்கை’யில் இருக்கிறது.

இரண்டும் சின்னப் புத்தகங்கள். அண்ணன் ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன். முதலில் ‘நாகம்மா’ளைப் படியுங்கள். கொங்குப் பேச்சு முதல் சில பக்கங்களுக்குப் புதுசாக இருக்கும், பிறகு பழகிவிடும். ராமாயியைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குக் கட்டாயம் எழுதுங்கள். எனக்கு அவள்மேலும் பாவமாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு அப்படி இருக்காது என்று தோன்றுகிறது.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்