கணக்கு மீட்புப் பிரிவில் பணிபுரிவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

என் மின்னஞ்சல் கணக்கு ஹேக் ஆகி, பதினோரு நாள் கழித்துத்தான் என் கைக்குத் திரும்பியது. திரும்பியதற்கு நன்றி. ஆனால் அந்த நாட்களில் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

'கடவுச்சொல் மறந்துவிட்டதா' என்பதை அழுத்தினேன். திரையில் ஒரு தொலைபேசி எண்: ஐந்தாறு புள்ளிகள், கடைசியில் 47. அந்த எண்ணுக்குக் குறியீடு அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. என் எண் 47-இல் முடியாது. திருடன் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகத் தன் எண்ணைச் சேர்த்து என் எண்ணை நீக்கியிருக்கிறான். 'வேறு வழி' என்று அழுத்தினால், அவன் மாற்றிவைத்த மின்னஞ்சல் முகவரி. மறுபடி அழுத்தினால் பழையபடி அதே 47. என் வீட்டுச் சாவியை என்னிடம் கேட்காமல் திருடனிடம் போய்க் கேட்பது போல இருந்தது.

இதற்காகத்தான் கேட்கிறேன்: மீட்பு எண்ணோ முகவரியோ மாறினால், பழையது அந்த நொடியே செல்லாததாகிவிடக் கூடாது. ஒரு வாரமாவது உயிரோடு இருக்கட்டும். பழைய முகவரிக்கு 'இதை நான் செய்யவில்லை' என்ற இணைப்போடு ஒரு கடிதம் வரட்டும். இப்படிச் செய்யும் சேவைகள் ஏற்கெனவே இருக்கின்றன.

சரி, கணக்கு திரும்பியது. கடவுச்சொல்லை மாற்றினேன், கடவுச்சொல்லோடு குறியீடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பும் போட்டேன். முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் ஒரு வாரம் எனக்கு வரவேண்டிய சில கடிதங்கள் வரவே இல்லை. அமைப்புகளைத் துழாவியபோது, நான் போடாத ஒரு வடிகட்டி, அதாவது வரும் கடிதங்களைத் தானாகப் பிரித்து அனுப்பும் விதி. 'கணக்கு', 'குறியீடு' என்ற சொற்கள் உள்ள கடிதங்கள் எல்லாம் முன்பின் தெரியாத ஒரு முகவரிக்குப் போய், இங்கே குப்பைக்குள் விழுந்துகொண்டிருந்தன. கடவுச்சொல்லை மாற்றினால் வடிகட்டி அழியாது. நான் அனுமதி கொடுத்ததாகப் பதிவான செயலியும் பல நேரம் அப்படியே இருக்கும். இது உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. கணக்கைத் திருப்பித் தரும் அன்றே வடிகட்டிகள், முன்னனுப்பும் முகவரிகள், இணைந்த செயலிகள், உள்நுழைந்திருக்கும் சாதனங்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் காட்டுங்கள். நாம் உள்நுழைந்திருப்பதை உலாவி நினைவில் வைக்க உதவும் சிறு பதிவுதான் குக்கீ; கணினியில் அதைத் திருடும் தீநிரல் இருந்தால், கடவுச்சொல்லும் குறியீடும் இல்லாமலே திருடன் மறுபடி உள்ளே வரலாம். அதனால் முதலில் சாதனத்தைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் கதவு திறக்காதபோது ஆட்கள் வேறு கதவைத் தட்டுகிறார்கள். 'பணம் கொடுங்கள், கணக்கை மீட்டுத் தருகிறேன்' என்று எனக்கே மூன்று பேர் எழுதினார்கள். பதற்றத்தில் ஒருவருக்குப் பதில் போட்டேன்; அடையாள அட்டையின் படத்தைக் கேட்டதும்தான் சுதாரித்தேன். அதே வாரம் என் பெயரில் வந்த கடிதத்தை நம்பி என் நண்பர் ஒருவர் பணம் அனுப்பிவிட்டார். உங்களிடம் பேச ஒரு மனிதர் கிடைத்திருந்தால் அதை முதல் நாளே நிறுத்தியிருக்கலாம்.

அந்த வடிகட்டியைத் திரைப்பிடிப்பு எடுத்துவிட்டுத்தான் அழித்தேன். உங்களில் யாருக்காவது பயன்படும் என்றால் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பயனர்களில் ஒருவர்