பார்ப்பு மிதக்கும் குளத்தில் தூண்டில் வேண்டாம்

குமரி மாவட்டத்துக் குளங்களிலும் அணைகளிலும் தூண்டில் போடும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், மழைக்காலத்தில் ‘பெரிய மீன்’ போட்டி நடத்தத் திட்டமிட்டிருக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

உங்கள் போட்டி அறிவிப்பை மருமகன் தன் செல்பேசியில் காட்டினான். எடை கூடிய வராலுக்கு முதல் பரிசு என்று போட்டிருக்கிறீர்கள். எடை போட்டுப் படம் எடுத்த பிறகு மீனைக் கொண்டுபோவதும் திரும்ப விடுவதும் பிடித்தவர் விருப்பம் என்றும் இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். நானும் நாற்பது ஆண்டுகளாகத் தூண்டில் பிடிப்பவன். மிதப்பு அசையும் நேரத்தில் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கும் தெரியும். உங்கள் பொழுதைக் கெடுப்பது என் நோக்கமில்லை. ஆனால் ஒரு பெரிய மீனைக் கொண்டுபோவதா விடுவதா என்பதை நம் விருப்பத்துக்கு விட்டுவிட முடியாது. அது எந்த மீன், என்ன மாதம், எந்தத் தண்ணீர் என்று பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், தக்கலைப் பக்கத்து எங்கள் ஊர்க்குளம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. பள்ளிக்கூடம் இல்லாத ஒரு காலை. தாமரை இலைகளுக்கு நடுவே, ஒரு சுளகு அகலத்துக்குத் தண்ணீர் மட்டும் தனியாகச் சிவந்து தெரிந்தது. யாரோ குங்குமத்தைக் கொட்டியதுபோல. கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தச் சிவப்பு நகர்ந்தது. நூற்றுக்கணக்கான குஞ்சுகள், ஒவ்வொன்றும் நெல்மணியைவிடக் கொஞ்சம் நீளம். அவை கூட்டமாக மேலே வந்து காற்றைக் குடிக்கும்போது, அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுவதுபோல நீர் புள்ளி புள்ளியாகக் குதித்தது. விளவங்கோட்டுப் பக்கத்தில் இதைப் பார்ப்பு என்பார்கள். குஞ்சுக்குத் தமிழில் உள்ள மிகப் பழைய சொல் அது.

பார்ப்பின் அடியில்தான் தாயும் தகப்பனும் நிற்கும். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் தவளைக்குஞ்சைக் கோத்து அந்தச் சிவப்பின் நடுவில் போட்டேன். இரை தேடும் மீன் தயங்கித் தயங்கி வரும். குஞ்சைக் காக்கும் வரால் தயங்குவதில்லை. தவளை தண்ணீரைத் தொட்ட நொடியில் நீர் வெடித்தது. பதினைந்து நிமிடத்தில் இரண்டாவதும் ஏறியது. இரண்டையும் ஈர்க்கில் கோத்துத் தெருவழியே நிமிர்ந்து நடந்து வந்தேன்.

வயலுக்கு மடை திறந்துவிட்டு வந்த பாட்டா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மீன்களைப் பார்த்தார். “எங்கே பிடித்தாய்?” என்றார். சொன்னேன். “இரண்டையும் எடுத்துவிட்டாயா மக்களே?” என்று மட்டும் கேட்டார். அம்மா சாம்பல் போட்டு அம்மிக்கல்லில் உரசி வழுவழுப்பைப் போக்கி, தேங்காய் அரைத்துக் கறி வைத்தாள். பாட்டா மோர் விட்டுச் சாப்பிட்டு எழுந்துவிட்டார். சாயங்காலம் என்னைக் கையைப் பிடித்துக் குளத்துக்குக் கூட்டிப்போனார். தாமரை இலைமேல் ஒரு குருட்டுக்கொக்கு நின்றுகொண்டு, குனிந்து குனிந்து கொத்திக்கொண்டிருந்தது. மீன்கொத்தி ஒன்று மறுகால் கல்லுக்கும் தண்ணீருக்குமாகப் போய்வந்தது. காலையில் ஒரே சிவப்பாகத் திரண்டு நின்ற கூட்டம் துண்டு துண்டாகச் சிதறி, போக இடம் தெரியாமல் கரையோரம் ஒதுங்கியிருந்தது. மறுநாள் காலையில் அதுவும் இல்லை. பாட்டா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. நான் கொண்டுவந்தது இரண்டு மீன் அல்ல என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

வரால் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும் மீன் அல்ல. பாசியையும் புல்லையும் விலக்கி வட்டமாக இடம் செய்து, மிதக்கும் முட்டைகளைக் காவல் காத்து, பொரித்த குஞ்சுகளை வாரக்கணக்கில் கூடவே கூட்டிக்கொண்டு திரியும். ஆகவே நம் ‘பெரிய மீன்’ போட்டியில் மேலே வரும் மீன்களில் பல, பசியால் வந்தவை அல்ல. பிள்ளையைக் காக்க வந்தவை. ரப்பர் தவளையைப் பார்ப்பின் நடுவே போட்டு இழுப்பதைத் திறமை என்று வீடியோவில் காட்டுகிறார்கள். குஞ்சு உள்ள மீனின் கோபத்தைப் பிடிப்பதற்கு என்ன திறமை வேண்டும்? பதினான்கு வயதில் எனக்கே அது முடிந்தது.

பெரிய மீனுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பெண் மீன் வளர வளர முட்டையும் எடைக்குச் சரியாகக் கூடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அதைவிட வேகமாகக் கூடுகிறது. 2018இல் கடல் மீன்களைப் பற்றி வெளியான ஓர் ஆய்வில் அட்லாண்டிக் காட் மீனை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருந்தார்கள். 30 கிலோ எடையுள்ள ஒரு தாய் இடும் முட்டைக்கு ஈடுகட்ட, 2 கிலோ மீன்கள் 28 வேண்டுமாம். காட் வேறு, வரால் வேறு. ஆனாலும் ஒரு குளத்தில் மிஞ்சியிருக்கும் மிகப் பெரிய மீனைத் தேடிப் பிடித்துப் பரிசு கொடுப்பது, விதைநெல்லில் திரண்ட மணியைப் பொறுக்கி உலையில் போடுவதுதான்.

அப்படியானால் எல்லாவற்றையும் திரும்ப விட்டுவிட்டால் சரிதானே என்பீர்கள். அங்கேயும் எனக்கு மனம் ஒப்பவில்லை. போன ஆண்டு ஒரு குளத்துப் படித்துறையில் பார்த்தேன். நண்பகல் வெயில். இரண்டரைக் கிலோ இருக்கும், அழகான வரால். சிமெண்டுப் படியில் கிடத்தினார்கள். அது துள்ளத் துள்ள மணலும் செம்மண்ணும் உடம்பெல்லாம் ஒட்டின. காய்ந்த துண்டால் அழுத்திப் பிடித்தார்கள். செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கி ஒருவர் மாற்றி ஒருவராகப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஐந்து செல்பேசி, பத்து நிமிடம். பிறகு ஒரு தம்பி “போய்ப் பிழைத்துக்கொள்” என்று கரையிலிருந்தே வீசினார். எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாம் நாள் அதே அளவு வரால் ஒன்று மறுகால் ஓரத்தில் வயிறு மேலாக மிதந்தது. செவுளில் இரத்தம் கட்டியிருந்தது.

வரால் காற்றைக் குடித்து உயிர் வாழும் மீன். கரையில் அரைமணி நேரம் கிடந்தாலும் உடனே சாகாது. அதனாலேயே அதற்கு ஒன்றும் ஆகாது என்று நாம் நம்பிவிடுகிறோம். அதன் மேல்தோலில் உள்ள வழுவழுப்புதான் கிருமி நுழையாமல் காக்கும் சட்டை. காய்ந்த கையும் சுட்ட சிமெண்டும் அதை உரித்துவிடும். செவுள், விரல் விட்டுத் தூக்கும் கைப்பிடி அல்ல. கட்லாவும் ரோகுவும் இன்னும் பாவம்; நீண்ட நேரம் இழுத்து விளையாடிய பிறகு, சூடேறிய தண்ணீரில் அவற்றுக்கு மூச்சு வாங்கவே ஆக்ஸிஜன் போதாது.

சுவிட்சர்லாந்தில், திரும்ப விடும் எண்ணத்துடனேயே மீன் பிடிக்கப் போவதைச் சட்டம் தடுக்கிறது. ஜெர்மனியிலும், தகுந்த காரணம் இல்லாமல் ஓர் உயிருக்கு வலி தரக்கூடாது என்ற விலங்குநலச் சட்டத்தை வைத்தே தூண்டிலையும் பார்க்கிறார்கள். சாப்பிடுவது காரணம், விளையாட்டு மட்டும் காரணமாகாது. இங்கிலாந்திலோ நேர்மாறு. அங்கே கெண்டை பிடிப்பவர்கள் பெரிய மீனை ஈர மெத்தையில் கிடத்தி, முள் பட்ட இடத்தில் மருந்து தடவி, தண்ணீருக்குள் வைத்துத் தாங்கிப் பிடித்து விடுகிறார்கள். ஒரே மீன் பல ஆண்டுகள் பலரிடம் மாட்டி, அதற்குப் பெயரும் வைத்திருப்பார்கள். இரண்டு பக்கத்தையும் நெடுநாள் யோசித்திருக்கிறேன். ஜெர்மானியர் கேள்வி என்னைச் சுடுகிறது. ஆனாலும் தாய் மீன் அருகிவிட்ட நம் குளங்களில், தப்பித் தவறி ஏறிய ஒரு பெரிய வராலைக் கொல்லாமல் விடுவதே சரி என்று நினைக்கிறேன். விடுகிறவர் அது பிழைக்கும்படி விட வேண்டும்.

காவிரியைப் பாருங்கள். 1946இல் அதன் துணையாறான கபினியில் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ எடையில், மகசீர் என்னும் பெரிய ஆற்றுமீன் ஒன்றைப் பிடித்தது இன்றும் சாதனையாகப் பேசப்படுகிறது. காவிரி நீருக்கே உரிய கூனல் முதுகு மகசீரை, 2018இல் மிக அருகிய உயிரினங்களின் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. அது குறைந்துபோனது எப்படித் தெரிந்தது? கர்நாடகத்தில் கலிபோர் தூண்டில் முகாமில் மீனைப் பிடித்துத் திரும்ப விடுபவர்கள் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து. நல்ல எண்ணத்தோடு பண்ணையில் வளர்த்து ஆற்றில் விட்ட வேறொரு மகசீர் பெருகப் பெருக, மண்ணின் மீன் குறைந்துகொண்டே வந்ததை அந்தக் குறிப்புகள் காட்டின. தூண்டில்காரரின் நோட்டுப் புத்தகம் அறிவியலுக்கு உதவியது. அந்நிய மீனை விட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே நோட்டு சொன்னது.

நம் மாவட்டத்தில் இது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையிலிருந்து கால்வாய்கள் கிளை கிளையாகப் பிரிந்து குளங்களை நிறைக்கின்றன. மேலே ஓரிடத்தில் விட்ட மீன் கீழே பத்துக் குளத்துக்கு வந்துசேரும். ஆகவே ஆப்பிரிக்கக் கெளுத்தி உங்கள் முள்ளில் ஏறினால், எவ்வளவு பெரியதாக இருந்தாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும், தயவுசெய்து திரும்ப விடாதீர்கள். அதை வளர்க்க 2000ஆம் ஆண்டிலேயே நாட்டில் தடை வந்துவிட்டது. இருந்தும் நம் நீரில் கிடக்கிறது. கிடைத்ததையெல்லாம் விழுங்கும். சிலேபியையும் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கருணை எல்லா மீனுக்கும் ஒரே மாதிரி இருக்க முடியாது. குளத்தை ஏலம் எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்ட கட்லா அவருடையது. அவரிடம் கேட்டுப் பிடியுங்கள், விலை கொடுங்கள், சாப்பிடுங்கள்.

சாயங்காலக் கறிக்கு இரண்டு மீன் பிடிக்கும் கூலிக்காரரையும், பிரசவித்த மகளுக்கு வரால் தேடி வரும் தகப்பனாரையும் நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கையில் இருப்பது பசியும் அன்பும். கேள்வி, படத்துக்காகவும் பரிசுக்காகவும் பெரியதைத் தேடிப் போகிற நம்மிடம்தான்.

போட்டி நடத்தும் குழுவினரிடம் கேட்பது இவைதான். எடைக்குப் பரிசு வேண்டாம். வெளியிலிருந்து வந்த மீனை அதிகம் பிடித்துக் கரையேற்றியவருக்குப் பரிசு கொடுங்கள். நானே என் கைக்காசில் ஒரு பரிசு தருகிறேன். இடவப்பாதியிலும் ஐப்பசி மழையிலும் பார்ப்பு மிதக்கும் குளத்தில் யாரும் வராலுக்குத் தூண்டில் போடக்கூடாது என்று விதியாகவே எழுதுங்கள். தூண்டில் முள்ளின் உட்புறம் எதிர்த்து நிற்கும் சின்ன முனையைக் குறட்டால் நசுக்கிவிட்டு வரச் சொல்லுங்கள். மீன் எளிதில் கழன்றுவிடும் என்று முனகுவார்கள், முனகட்டும். விட வேண்டிய மீனைத் தண்ணீரிலேயே வைத்து, ஈரக் கையால் பிடித்து, ஒரு படம் எடுத்தால் போதும். பிடித்த இடம், நாள், நீளம், குஞ்சு இருந்ததா என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு குளத்து வராலைத் தூக்கிக் கொண்டுபோய் இன்னொரு குளத்தில் விடவே வேண்டாம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணியின் மேல்பக்கம் காட்டை ஒட்டியது. சரணாலய எல்லைக்குள் அனுமதியில்லாமல் யாரையும் கூட்டிப்போகாதீர்கள். 2022இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் குளங்களைப் போட்டியிலிருந்து முழுவதும் விலக்கிவிடுங்கள். அங்கே மீனுக்கு முதல் உரிமை பறவைக்கு.

எங்கள் ஊர்க்குளத்தில் இந்த ஆண்டும் ஒரு பார்ப்பு மிதக்கிறது. கிழக்குக் கரையில், பழைய மடைக்குக் கொஞ்சம் தெற்கே. ஒன்பது நாளாகப் பார்த்துவருகிறேன். நேற்றுத் தாய் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போனது. தலை என் உள்ளங்கை அகலம் இருக்கும். குழுவிலிருந்து யாராவது வந்தால் காட்டுகிறேன். வெயில் ஏறும் முன், காலை ஏழு மணிக்குள் வாருங்கள். தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
தக்கலைப் பக்கத்துத் தூண்டில்காரன்