காற்றிரைச்சலில் கெடும் மலையக ஒலிப்பதிவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஆடப்படும், மன்மதன் கதையைச் சொல்லும் காமன் கூத்தையும், முதியோர் பாடும் தாலாட்டு, ஒப்பாரிப் பாடல்களையும் நம் இளைஞர்கள் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து பகிர்ந்துவருவது பாராட்டுக்குரியது. ஆயினும் அவற்றுட் பல, காற்றிரைச்சலால் கேட்க முடியாதவையாகிவிடுகின்றன. அண்மையில் நான் கேட்ட ஒரு பதிவில், மூதாட்டி ஒருவர் ஒப்பாரியின் ஒவ்வோர் அடியையும் முடித்துக் குரலைத் தாழ்த்தும் இடத்தில் 'படபட'வென்று ஓசை எழுந்து, கடைசிச் சொற்களை மூடிவிடுகிறது. அந்தப் பாடலை முழுமையாக அறிந்தவர் அவருடைய தோட்டத்தில் வேறு எவரும் இல்லை என்பதுதான் பெரிய வேதனை.

அது மரங்களினூடே காற்று வீசும் ஓசையன்று. ஒலிவாங்கியின் மீதே காற்று மோதிச் சுழல்வதால் உண்டாகும் இரைச்சல். அதனால்தான் நமக்கு இளங்காற்றாகத் தோன்றுவதுகூடப் பதிவில் பேரிரைச்சலாகிறது. பின்னர் கணினியில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்சுருதி ஒலிகளை நீக்கினால் இரைச்சல் ஓரளவு குறையும். ஆனால் உறுமி மேளத்தின் அடியோசையும் அதனுடன் போய்விடும். இரைச்சல் கருவி பதியக்கூடிய எல்லையை மீறி ஒலியலையின் உச்சி வெட்டுப்பட்ட இடங்களை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க இயலாது.

ஆகவே, பதிவுக்கு முன்பே காற்றைத் தடுக்க வேண்டும். பாடுபவரை லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) சுவரின் காற்று மறைவில் அமரச் செய்து, ஒலிவாங்கியை வாயருகே கொண்டுசென்றாலே பாதித் தொல்லை தீரும். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் உயரும், காற்றிரைச்சலோ இருந்த அளவிலேயே இருக்கும். திறந்தவெளியில் ஆடும் கூத்துக்கு இது பொருந்தாது. அங்கே, கைத்தொலைபேசியுடன் இணைக்கும் சிறிய ஒலிவாங்கிக்கு நீண்ட மயிருள்ள செயற்கை உரோம உறை அவசியம். சாதாரணப் பஞ்சுறை இலேசான காற்றுக்கே தாங்கும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் ஹப்புத்தளை போன்ற மலைமுகடுகளில் அதை நம்பிப் பயனில்லை. உரோம உறையும் பனிமூட்டத்தில் நனைந்து மயிர் ஒட்டிக்கொண்டால் பயன் குன்றிவிடும் என்பதால், உலர்ந்த உறையொன்றை மேலதிகமாக வைத்திருப்பது நல்லது. பதிவாகும்போதே ஹெட்போனில் கேட்டுப் பார்ப்பதையும் தவிர்க்கலாகாது. வீட்டுக்கு வந்து கேட்கும்போது பாடியவர் அருகில் இருக்கமாட்டார்.

மலையக இளைஞர்களுக்கு ஊடகப் பயிற்சி அளிக்கும் அமைப்புகள் இதனையும் பாடமாகச் சேர்க்க வேண்டும். பிரதேச நூலகங்கள் ஒலிவாங்கி, உரோம உறை, ஹெட்போன் ஆகியவற்றை இரவல் கொடுக்க முன்வருமாயின், எதிர்வரும் மாசி மாதக் காமன் கூத்திலேயே அவற்றைப் பயன்படுத்தலாம்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
பண்டாரவளை.